வீட்டு ஸ்பிரிங்க்ளர், கடை ஸ்பிரிங்க்ளர்: கட்டடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தனி வீட்டுக்குத் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வைக்கலாமா என்று விசாரிக்க வருபவர்கள், பெரும்பாலும் யாரோ ஓர் ஆபீஸுக்கோ ஜவுளிக்கடைக்கோ வாங்கிய கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். லட்சம் லிட்டர் தொட்டி, மூன்று பம்ப், சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் என்று அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது’ என்ற முடிவோடுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. கீழே கடை, மேலே வீடு என்று கட்டுபவர், மேலே போட்ட மாதிரியே கீழேயும் நாலு ஹெட் (தண்ணீர் தெளிக்கும் முனை) போட்டால் போதாதா என்பார். இரண்டுமே தப்புக் கணக்கு.

வீட்டு அமைப்பைப் பெரிதாக்கினால் கடை அமைப்பு வராது. கடை அமைப்பைச் சுருக்கினாலும் வீட்டு அமைப்பு வராது. இரண்டும் காப்பாற்ற நினைப்பதே வேறு. வீட்டில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர், தூங்கிக்கொண்டிருப்பவர் விழித்து வெளியேறும் வரைக்கும் அறையை உயிர் தாங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். கடையில் இருப்பது, தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை தீயைப் பிடித்த இடத்திலேயே மடக்கி வைத்து, ஆட்களோடு கட்டடத்தையும் சரக்கையும் காக்க வேண்டும். தண்ணீரின் அளவு, பம்ப், குழாய், ஹெட், சோதனை என்று எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

இங்கே நான் சொல்லும் எண்கள் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் விதிகளிலிருந்து வருபவை. வீட்டுக்கென்றே தனி விதிநூல் எழுதி, அதன்படி ஏராளமான வீடுகள் கட்டப்பட்ட நாடு அது. கலிஃபோர்னியாவில் 2011 ஜனவரி முதல் புதிதாகக் கட்டும் ஒற்றை வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். இங்கிலாந்தில் குடியிருப்புக்கு பிஎஸ் 9251, வணிகத்துக்கு பிஎஸ் ஈஎன் 12845. இந்தியாவில் ஐஎஸ் 15105, 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி ஆகியவற்றைத்தான் புரட்ட வேண்டும். அவற்றின் எண்கள் சில இடங்களில் மாறும். உங்கள் கட்டடத்துக்குக் கடைசி வார்த்தை உள்ளூர் விதியும் தீயணைப்புத் துறையும் சொல்வதுதான். தமிழ்நாட்டில் தனி வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டு வைப்பதுதான். 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் 2019 கட்டட விதிகளின்படி உயர்மாடிக் கட்டடம் ஆகிவிடும். அப்புறம் தீயணைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் நகர முடியாது.

படி 1: எந்த விதிநூல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தானியங்கி ஸ்பிரிங்க்ளர் பிறந்ததே தொழிற்சாலையில்தான். 1874இல் ஹென்றி பார்மலீ என்பவர் நியூ ஹேவன் நகரில் இருந்த தன் பியானோ தொழிற்சாலையைக் காக்கச் செய்தது அது. 1896இல் வந்த என்எஃப்பிஏ 13 அந்த வழியில் எழுந்தது. இன்றும் கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி, கிடங்கு, உயர்மாடி என எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். வீட்டுக்கான 13டி வர 1975 ஆனது. இடைப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 13ஆர் 1989இல் வந்தது.

ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வாழும் வீடு என்றால் 13டி. நான்கு மாடிக்கு மிகாத, 18 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் குடியிருப்பு என்றால் 13ஆர். மற்ற எல்லாவற்றுக்கும் 13. அதாவது, மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதாலேயே பதினைந்து மாடி அடுக்ககம் ‘வீடு’ ஆகிவிடாது. அங்கே குழாயும் பம்பும் வணிகக் கட்டட இலக்கணப்படிதான் இருக்கும். வீட்டுக்குள் தொங்கும் ஹெட் மட்டும் குடியிருப்பு ரகமாக இருக்கலாம்.

படி 2: எரியக்கூடிய பொருளைக் கணக்கெடுங்கள்

வீட்டு விதிநூலில் இந்தப் படியே கிடையாது. சோபா, மெத்தை, துணி, மர அலமாரி என்று எல்லா வீட்டிலும் எரிவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு அது எழுதப்பட்டிருக்கிறது.

வணிகக் கட்டடத்திலோ முதல் கேள்வியே இதுதான். ஆபீஸ், வகுப்பறை, ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் ஆகியவை குறைந்த அபாய வகை. ஹோட்டல் சமையலறை சாதாரண அபாயத்தின் முதல் பிரிவு. ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் மாதிரி விற்பனை இடங்கள் இரண்டாம் பிரிவு. அதற்கு மேல் எரிதிரவம் கையாளும் ஆலை, உயர அடுக்குக் கிடங்கு என்று போகும். கிடங்குக்கு ரேக்கின் உயரம், பிளாஸ்டிக்கா அட்டையா, எப்படி அடுக்குகிறார்கள் என்று தனிக் கணக்கே உண்டு.

வகைப்பாடு நிலையானதும் அல்ல. கார் நிறுத்துமிடம் வெகுகாலம் முதல் பிரிவில் இருந்தது. என்எஃப்பிஏ 13இன் 2022 பதிப்பில் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம், எரிந்தால் வெப்பமும் அதிகம். பழைய வரைபடத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதைக் குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆபீஸாக வடிவமைத்த தளத்தை வாடகைக்கு எடுத்து பாதியைக் கோடவுனாக மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. ஹெட் அதே ஹெட், குழாய் அதே குழாய். ஆனால் அபாய வகை மாறியதுமே அந்த அமைப்பு போதாததாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

படி 3: தண்ணீர்க் கணக்கு

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான், அதனால் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு ஜவுளிக்கடை. இரண்டாம் பிரிவுக்கு, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நிமிடத்துக்கு 8.1 லிட்டர் விழ வேண்டும். தீ 139 சதுர மீட்டர் பரப்பில் உள்ள ஹெட்களைத் திறந்துவிடும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 1,126 லிட்டர். தீயணைப்பு வீரர்கள் ஹோஸ் பிடிப்பதற்கென்று இன்னும் 946 லிட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 2,070 லிட்டருக்குச் சற்று மேல். இது குறைந்தது 60 நிமிடம் ஓட வேண்டும் என்றால் தொட்டி ஏறத்தாழ 1,24,000 லிட்டர். குழாய் இழப்பு, ஹெட்களுக்கிடையே வரும் ஏற்றத்தாழ்வு எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும்.

அதே பரப்பில் ஓர் ஆபீஸ் என்றால் 4.1 லிட்டர் போதும். 570, ஹோஸுக்கு 380, ஆக 950 லிட்டர். 30 நிமிடத்துக்கு 28,500 லிட்டர். எரியும் பொருள் மாறியதும் தொட்டி நாலில் ஒரு பங்காகிவிட்டதைக் கவனியுங்கள்.

இப்போது வீடு. 4.9 மீட்டர் நீளம், 4.9 மீட்டர் அகலம் உள்ள ஹால். நம் கணக்கில் பதினாறுக்குப் பதினாறு. குடியிருப்பு ஹெட் ஒன்றே அந்த 24 சதுர மீட்டரையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது நிமிடத்துக்கு 49 லிட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 2 லிட்டரை ஒட்டித்தான். ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு ஹெட் திறக்கும் என்று கணக்கு. 98 லிட்டர். ஹோஸுக்கு எதுவும் சேர்க்க வேண்டாம். பத்து நிமிடம் ஓடினால் போதும். ஆக 980 லிட்டர். 186 சதுர மீட்டருக்கும் குறைவான ஒற்றைத்தள வீடாக இருந்தால் ஏழு நிமிடம், 690 லிட்டர்.

மொட்டைமாடியில் நிற்கும் கருப்புத் தொட்டி ஒன்றின் கொள்ளளவுதான் இது! ஜவுளிக்கடைக் கொட்டேஷனைப் பார்த்துப் பயந்தவருக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

பத்து நிமிடம் என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆனால் 13டி தன் நோக்கத்தை ஒளித்து வைக்கவில்லை: தீப்பிடித்த அறை ஒட்டுமொத்தமாகக் குப்பென்று பற்றிக்கொள்ளும் அந்தக் கட்டத்தைத் தடுக்க வேண்டும், வீட்டில் இருப்பவர் வெளியேறவோ வெளியேற்றப்படவோ நேரம் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான். வீடு முழுதும் மிஞ்சும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. பல நேரம் மிஞ்சிவிடுகிறது, அது வேறு.

13ஆர் இரண்டுக்கும் நடுவில்: நான்கு ஹெட் வரை, 30 நிமிடம்.

படி 4: அழுத்தமும் பம்பும்

ஒரு ஹெட்டிலிருந்து வரும் தண்ணீர், அதன் கே-எண்ணை (ஹெட்டின் துவாரம் எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் குறிக்கும் எண்) அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைப்பது. இந்த ஒரு சூத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஜவுளிக்கடையில் ஒரு ஹெட் அதிகபட்சம் 12.1 சதுர மீட்டரைத்தான் பார்க்கலாம். அதற்கே 98 லிட்டர் வேண்டும். கே-80 ஹெட் என்றால் அதன் வாயில் 1.5 பார் அழுத்தம் இருக்க வேண்டும். வீட்டு ஹெட் கே-70, 49 லிட்டர், அரை பாருக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும்.

அரை பார் என்பது ஐந்து மீட்டர் உயரத் தண்ணீர். நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருக்கலாம். ஆனால் மேல்மாடி அறையின் கூரையிலிருந்து தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். 0.2 பார் வரும். ஹெட் திறந்தால் தண்ணீர் சொட்டுமே தவிர விரியாது. ஆகவே தொட்டி இருக்கிறதே என்று குழாயை நேராக இழுத்துவிடக் கூடாது. கீழ்ச் சம்ப்பிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டரை 20, 25 மீட்டர் ஏற்றிக் கொடுக்கும் சின்ன பம்ப் வேண்டும். ஒன்றரைக் குதிரைத்திறனை ஒட்டி வரும். குழாய் விட்டம், நீளம், எல்போக்களின் எண்ணிக்கை பார்த்து வடிவமைப்பாளர் சரியாகச் சொல்வார்.

இதோடு ஒரு விஷயத்தை எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் பேசுங்கள். தீ என்றதும் மெயினை அணைப்பது நம் எல்லோருக்கும் பழகிய கை. அணைத்தால் ஸ்பிரிங்க்ளர் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். பம்புக்கான லைன் தனியாக, வீட்டு மெயினுக்கு முன்பே பிரிய வேண்டும்; அதை மின்வாரிய விதிப்படி உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். கரண்ட் போகும் ஊர் என்றால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். காற்றழுத்தத் தொட்டி ஒரு வழி. பம்ப் இல்லாமலே அந்தப் பத்து நிமிடத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வணிகக் கட்டடத்தில் இதற்கெல்லாம் தீர்வு பம்ப் அறைக்குள்ளேயே இருக்கும். மெயின் பம்ப் ஒன்று கரண்டில் ஓடும். நம் ஜவுளிக்கடைக்குச் சந்தையில் கிடைக்கும் 2,280 லிட்டர் ரகம் பொருந்தி வரும். அது ஓடாவிட்டால் ஓட டீசல் பம்ப். இவை இரண்டுக்கும் பக்கத்தில் சின்னதாக ஜாக்கி பம்ப். சின்னச் சின்னக் கசிவால் அழுத்தம் இறங்கும்போதெல்லாம் ஏற்றி வைப்பது இதன் வேலை. ஜாக்கி நாள் முழுதும் நின்று நின்று ஓடுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மெயின் பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும், ஆனால் தானாக நிற்காது; ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

படி 5: ஹெட் தேர்வு

ஒரு சாதாரண வணிக ஹெட்டையும் குடியிருப்பு ஹெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பித்தளை உடல், நடுவில் சிவப்புத் திரவம் நிரம்பிய கண்ணாடிக் குமிழ், கீழே பல் பல்லாக ஒரு தட்டு. முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். குமிழைக் கவனியுங்கள். பழைய மந்த ரகத்தில் அது 5 மில்லிமீட்டர் தடிமன். துரித ரகத்தில் 3 மில்லிமீட்டர். இரண்டும் 68 டிகிரியில்தான் உடையும் என்று எழுதியிருக்கும். ஆனால் மெல்லிய குமிழ் சுற்றியுள்ள காற்றின் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். தடித்தது சூடேற நேரம் பிடிக்கும். தூங்குபவரின் முகத்தருகே புகை இறங்குவதற்கு முன்னால் தண்ணீர் வர வேண்டும் என்றால் இந்த வேகம்தான் எல்லாம். 1980 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் வீடுகளுக்குள் தீ மூட்டிச் சோதித்துப் பார்த்தபோது, துரித ரகத்தின் அவசியம் தெளிவானது.

அப்புறம் தட்டு. வணிக ஹெட் தண்ணீரை ஏறக்குறைய நேராகத் தரையை நோக்கி இறக்கும். குடியிருப்பு ஹெட் பக்கவாட்டில் வீசி, சுவரின் மேல்பகுதி வரை நனைக்கும். காரணம் எளிது. வீட்டில் சோபாவும் கட்டிலும் திரைச்சீலையும் சுவரை ஒட்டித்தான் இருக்கின்றன. தீ மேலே ஏறுவதும் சுவர் வழியாகத்தான். அதனால்தான் குறைந்த தண்ணீரிலும் அதனால் ஈடுகொடுக்க முடிகிறது.

துரித ஹெட் எல்லாம் குடியிருப்பு ஹெட் அல்ல. இந்த இடத்தில் ஒப்பந்ததாரர்களே குழம்புகிறார்கள். குறைந்த அபாய வணிகக் கட்டடங்களிலும் இன்று துரித ஹெட்தான் போட வேண்டும். ஆனால் அதன் தட்டு வேறு. குடியிருப்பு ரகம் தனிச் சோதனைமுறையில் தேறியது. ஹெட்டின் மேலும் உறையிலும் அதைக் குறித்திருப்பார்கள். மாடல் எண்ணை வாங்கி, தயாரிப்பாளரின் தரவுத்தாளோடு ஒத்துப் பாருங்கள். அதே தாளில் எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு லிட்டர் என்ற அட்டவணையும் இருக்கும்.

குமிழின் நிறம் வெப்பநிலையைச் சொல்லும்: ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141 டிகிரி. கூரையடி வெப்பம் 38 டிகிரிக்குள் இருக்கும் இடத்துக்குத்தான் ஆரஞ்சும் சிவப்பும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ, மேல்தளக் கான்கிரீட்டுக்கு அடியிலோ கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே மஞ்சளுக்குப் போய்விடுவது நல்லது.

சினிமாவில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கட்டடம் முழுக்க மழை பொழியும். நிஜத்தில் புகைக்கு ஸ்பிரிங்க்ளர் அசையாது. சூடு பட்ட குமிழ் மட்டும்தான் உடையும். பெரும்பாலான தீயில் ஒன்றிரண்டு ஹெட்டோடு வேலை முடிந்துவிடும். எல்லா ஹெட்டும் ஒருசேரத் திறக்கும் டெல்யூஜ் அமைப்பு டிரான்ஸ்ஃபார்மர், எரிதிரவம் இருக்கும் இடம் போன்றவற்றுக்கானது. குளிர்பதனக் கிடங்கில் குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கும் உலர் அமைப்பு. வீட்டுக்கு இவையெல்லாம் தேவையே இல்லை. தண்ணீர் எப்போதும் நிற்கும் சாதாரண ஈர அமைப்பே போதும்.

படி 6: எங்கே வைப்பது, எங்கே விடலாம்

வணிகக் கட்டடத்தில் விதிவிலக்கு மிகக் குறைவு. சின்ன ஸ்டோர் ரூம், படிக்கட்டு, மூடிய வெற்றிடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 800 மில்லிமீட்டருக்கு அதிகமாக இடம் இருந்தால் அதற்குள்ளும் தனி வரிசை ஹெட் வரும்.

வீட்டில் தாராளமாக விலக்கு உண்டு. 5.1 சதுர மீட்டருக்கு மிகாத குளியலறை, 2.2 சதுர மீட்டருக்கு மிகாத சின்ன அலமாரி அறை, கார் ஷெட், திறந்த வராந்தா ஆகியவற்றில் ஹெட் வேண்டாம். வீட்டுத் தீயில் உயிரிழப்புகள் பெரும்பாலும் தொடங்குவது ஹால், படுக்கையறை, சமையலறையில்தான் என்ற அனுபவத்தில் எழுதிய விலக்குகள் இவை. அபாயம் இல்லை என்று பொருளல்ல. கார் ஷெட்டில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுபவர், விதி கேட்காவிட்டாலும் அங்கே ஒன்று வைத்துக்கொள்ளட்டும் என்பேன்.

இரண்டு வணிக ஹெட்டுக்கு நடுவே குறைந்தது 1.8 மீட்டர், குடியிருப்பு ஹெட்டுக்கு 2.4 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் முதலில் திறந்ததன் தண்ணீர் பக்கத்துக் குமிழைக் குளிர வைத்து, அது திறக்கவே திறக்காது. நிறைய வைத்தால் நிறையப் பாதுகாப்பு என்பது இங்கே செல்லாது.

நம் வீடுகளின் பிரத்தியேகத் தொல்லை சீலிங் ஃபேன். அறையின் நடு மையத்தில் ஃபேன் தொங்கும், ஹெட்டும் அங்கேதான் வர ஆசைப்படும். ஃபேனின் மையத்திலிருந்து ஹெட் 0.9 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சுவரில் வைக்கும் சைட்வால் ரகத்துக்கு 1.5 மீட்டர். சைட்வாலுக்குக் கூரையில் குழாய் ஓட்டத் தேவையில்லை என்பதால் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு அது கைகொடுக்கும். சமையலறையில் அடுப்பின் ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலக்கி வையுங்கள். ஹோட்டல் சமையலறையில் எண்ணெய்ச் சட்டிகளுக்கு மேல் உள்ள ஹூடுக்கு ஸ்பிரிங்க்ளர் மட்டும் போதாது. அதற்கென்று ஈர ரசாயன அணைப்பு அமைப்பு தனியாக வேண்டும்.

கடைகளில் சரக்கை ஹெட்டுக்கு 45 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிட வேண்டும். தீபாவளி ஸ்டாக் வந்து இறங்கும் வாரத்தில் இந்த விதி காற்றில் பறக்கும்.

படி 7: குழாய்

வணிகத்தில் பெரும்பாலும் இரும்பு. வெல்டிங், அல்லது பள்ளம் வெட்டிக் கப்ளிங் மாட்டுவது. குறைந்த அபாய இடங்களில் இதற்கென்றே அங்கீகாரம் பெற்ற ஆரஞ்சு நிற சிபிவிசி பிளாஸ்டிக் குழாயும் செல்லும். வீட்டில் சிபிவிசிதான் வசதி. குளியலறைக்கு ஓடும் சாதாரண சிபிவிசியை வாங்கி ஒட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் பார்த்து வாங்குங்கள். சில எண்ணெய்களும், வயர் உறையிலிருந்து கசியும் மென்மையாக்கிகளும் சிபிவிசியில் வெடிப்பு உண்டாக்கும். அதனால் கேபிள் கட்டு அதன் மேல் சாய்ந்து கிடக்கக் கூடாது.

வீட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: குளிர்ந்த நீர்க் குழாயையே ஸ்பிரிங்க்ளர் வழியாகச் சுற்றிவிடுவது. ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் தண்ணீர் ஓடுவதால் குழாயில் தேங்காது, அடைப்பும் உடனே தெரிந்துவிடும். வணிக அமைப்பில் இப்படிக் கலப்பது வழக்கமில்லை.

படி 8: வால்வும் மணியும்

என் அனுபவத்தில் வணிக அமைப்புகள் கைவிடுவது வடிவமைப்பால் அல்ல, மூடிக் கிடக்கும் வால்வால்தான். ஃபால்ஸ் சீலிங் வேலைக்காக ஒரு தளத்தின் வால்வை மூடுவார்கள். வேலை முடிந்ததும் பெயின்டர் வருவார், கார்ப்பெட் போடுபவர் வருவார், வால்வை யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு மண்டல (ஒரு தளத்துக்கோ பகுதிக்கோ உரிய) வால்விலும் டேம்பர் சுவிட்ச். யாராவது திருப்பினால் பேனலில் விளக்கு எரியும். தண்ணீர் ஓடினால் ஃப்ளோ சுவிட்ச் மணி அடிக்கும். கட்டடத்துக்கு வெளியே தீயணைப்பு வண்டி ஹோஸை மாட்டித் தண்ணீர் ஏற்ற இன்லெட் இருக்கும். அதன் முன்னால் டூவீலர் பார்க்கிங் இருக்கக் கூடாது.

வீட்டில் இதில் முக்கால்வாசி கிடையாது. வெளி இன்லெட் தேவையில்லை. புகை அலாரம் இருந்தால் ஃப்ளோ மணியும் கட்டாயமில்லை. ஆனால் புகை அலாரம் இல்லாமல் ஸ்பிரிங்க்ளர் மட்டும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆளை எழுப்புவது அலாரம்தான். ஸ்பிரிங்க்ளருக்கென்று தனி மூடும் வால்வு வைக்காமல், வீட்டின் மொத்தத் தண்ணீருக்கும் ஒரே வால்வாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மூடினால் குளியலறையில் தண்ணீர் வராது. அரைமணி நேரத்தில் யாராவது திறந்துவிடுவார்கள்.

கீழே கடை, மேலே குடியிருப்பு என்றால் இரண்டுக்கும் மண்டல வால்வையும் ஃப்ளோ சுவிட்சையும் பிரித்துவிடுங்கள். தொட்டியும் பம்பும் பொதுவாக இருக்கலாம். ஆனால் இரண்டில் அதிகம் கேட்கும் பகுதிக்கு, அதாவது கடைக்கோ கார் நிறுத்துமிடத்துக்கோ, ஏற்ப அவை இருக்க வேண்டும்.

படி 9: வாங்கிக்கொள்ளும் முன் சோதனை

வணிக அமைப்பைக் குறைந்தது 13.8 பார் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். முள் இறங்கக் கூடாது. அதைப் பார்க்க நீங்களே போய் நில்லுங்கள், போட்டோ அனுப்பச் சொல்லாதீர்கள். பிறகு கடைக்கோடியில் உள்ள சோதனை வால்வைத் திறந்து, ஒரு ஹெட் திறந்ததற்குச் சமமான தண்ணீரை விடுங்கள். 90 விநாடிக்குள் மணி அடிக்க வேண்டும், பம்ப் தானாக எழ வேண்டும். கரண்ட் பம்பை நிறுத்திவிட்டு டீசல் எழுகிறதா என்பதையும் பாருங்கள்.

வெளி இன்லெட் இல்லாத வீட்டு அமைப்புக்கு, வழக்கமான வேலை அழுத்தத்தில் ஒழுகாமல் நின்றாலே போதும். ஆனால் கடைசி ஹெட் இடத்தில் இரண்டு ஹெட்டின் அளவு தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து நேரம் பாருங்கள்: 200 லிட்டர் பீப்பாய் இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் கணக்குச் சரி. இதை மழுப்பும் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

படி 10: பிறகு வரும் வருடங்கள்

வணிகத்தில் என்எஃப்பிஏ 25 என்று பராமரிப்புக்கே ஒரு விதிநூல் இருக்கிறது. டீசல் பம்பை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்டுவது, வருடத்துக்கொருமுறை எல்லா ஹெட்டையும் தரையிலிருந்து பார்ப்பது, ஐந்து வருடத்துக்கொருமுறை குழாயின் உள்ளே துரு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதில் வரும். சாதாரண மந்த ஹெட் 50 வருடம் ஆனதும், துரித ரகம் புதிய பதிப்புகளின்படி 25 வருடம் ஆனதும், சிலவற்றைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் யார் செய்வார், எந்தப் புத்தகத்தில் கையெழுத்திடுவார் என்று ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் வேலை கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை வால்வு திறந்திருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பம்ப் எழுகிறதா என்று பார்த்தால் போதும். மற்றதெல்லாம் செய்யக் கூடாதவை. ஹெட்டில் தோரணமோ சீரியல் லைட்டோ கட்டாதீர்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பிளாஸ்டிக் பையால் மூடி, முடிந்த அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். பெயின்ட் பட்ட ஹெட்டைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது; மாற்றத்தான் வேண்டும். கூரையோடு கூரையாக மறைந்திருக்கும் மூடி வகை என்றால், மூடியின் ஓரத்தைப் பட்டி போட்டு அடைத்துவிடுவார்கள். அப்புறம் சூடு வந்தாலும் மூடி விழாது.

300க்குக் குறைவான ஹெட் உள்ள வணிகக் கட்டடத்தில் ஆறு ஹெட்டாவது உபரியாக, அதற்கான ஸ்பேனரோடு, பம்ப் அறைப் பெட்டியில் இருக்க வேண்டும். 300 முதல் 1,000 வரை என்றால் பன்னிரண்டு. வீட்டுக்கு ஒரே மாடலில் இரண்டு வாங்கி வையுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து அதே மாடல் சந்தையில் கிடைக்காமல் போகலாம், வேறு கே-எண் உள்ளதை மாட்டினால் படி 3இல் போட்ட கணக்கு பொய்த்துவிடும்.